கடைசி ரவுண்டு, கறுப்புக் காய், டிரா போதும்: பெட்ராஃபா, பெர்லினா, மார்ஷலா?

போட்டியின் கடைசி ரவுண்டு. உங்களுக்குக் கறுப்புக் காய். அரைப் புள்ளி எடுத்தால் பரிசோ, அடுத்த கட்டத்துக்கான தகுதியோ உறுதி. எதிரே உட்காரப்போகிறவர் முதல் நகர்த்தலாக இ4 (ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவது) தான் ஆடுவார் என்று அவருடைய பழைய ஆட்டங்களைப் பார்த்தே தெரிந்துவிட்டது. இப்போது எந்த ஓப்பனிங்கை, அதாவது எந்தத் தொடக்க நகர்த்தல் வரிசையை, எடுப்பது?

செஸ் ஆடுகிற யாரைக் கேட்டாலும் மூன்று பெயர் உடனே வரும்: பெட்ராஃப், பெர்லின், மார்ஷல். நாலாவதாக ஒருவர் கேரோ-கான் என்பார். டேட்டாபேஸைத் திறந்து, எதில் டிரா சதவீதம் அதிகமோ அதை எடு என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சதவீதத்துக்குள் இரண்டு வகை ஆட்டங்கள் கலந்து கிடக்கின்றன. ஒருவர் வெற்றிக்கு முட்டி மோதி, மற்றவர் தாக்குப்பிடித்து வந்த டிரா ஒரு வகை. இருவரும் கைகுலுக்கத் தயாராகவே வந்து உட்கார்ந்த டிரா இன்னொரு வகை. உங்கள் எதிராளிக்கு வெற்றி தேவையென்றால் இரண்டாம் வகையால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

இதற்கு நல்ல உதாரணம் பெர்லினில் இருக்கும் அந்தப் பிரபலமான பதினாலு நகர்த்தல் டிரா. 1.இ4 இ5 2.குதிரை எஃப்3 குதிரை சி6 3.பிஷப் பி5 குதிரை எஃப்6 4.கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுவது), குதிரை இ4-ஐ வெட்டுகிறது. 5.டி4 குதிரை டி6. இங்கே வெள்ளை பிஷப்பால் சி6-ஐ வெட்டாமல், சிப்பாயால் இ5-ஐ வெட்டுகிறார். கறுப்புக் குதிரை பி5 பிஷப்பை எடுக்கிறது. 7.ஏ4 குதிரை டி4. டி4-இல் கறுப்பின் இரண்டு குதிரையும் வெள்ளையின் ஒரு குதிரையும் வெட்டுப்பட்டு முடிந்ததும் வெள்ளை ராணி அங்கே வந்து நிற்கிறது. 9-ஆவது நகர்த்தலில் கறுப்பு டி5 தள்ள, வெள்ளை போகிற போக்கில் (என் பாசான் விதிப்படி) அதை வெட்ட, கறுப்பு ராணி டி6-இல் திருப்பி வெட்டுகிறது. அப்புறம் வெள்ளை ராணி இ4-இல் செக், கறுப்பு ராணி இ6-இல் தடுப்பு, வெள்ளை ராணி மறுபடி டி4, கறுப்பு ராணி மறுபடி டி6. இன்னொரு முறை இதையே செய்தால் ஒரே நிலை மூன்று தடவை வந்துவிடும். பெரிய கிராண்ட்மாஸ்டர்கள் எத்தனையோ பேர் இந்த வரிசையை அப்படியே ஆடி, சில நிமிடங்களில் எழுந்து போயிருக்கிறார்கள்.

இதில் கறுப்பு தனியாகச் சாதித்தது எதுவுமே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆறாவது நகர்த்தலில் வெள்ளை வேறு வழி போயிருக்கலாம். நாலாவதிலேயே டி3 என்று அடக்கமாக ஆடியிருக்கலாம். கடைசியில் செக் வைக்காமல் ராணியை மாற்றிக்கொண்டு எண்ட்கேம் (காய்கள் குறைந்த இறுதிக் கட்டம்) ஆடியிருக்கலாம். வெற்றி வேண்டிய ஆள் இவற்றில் ஒன்றைத்தான் செய்வார். ஆகவே ஒப்பிட வேண்டியது டிரா சதவீதத்தை அல்ல. எதிராளி விலகிப் போனால் என் கையில் என்ன மாதிரி நிலை மிஞ்சும், அதை நான் ஆடத் தெரிந்தவனா என்பதைத்தான் பார்க்க வேண்டும். கீழே வருவதெல்லாம் அந்தக் கண்ணோட்டத்தில்தான்.

ஒப்பீட்டுக்குப் போகுமுன் விதிமுறை பற்றி ஒரு வார்த்தை. சில போட்டிகளில் குறிப்பிட்ட எண்ணிக்கை நகர்த்தல் வரை டிரா கேட்கவே கூடாது. 2005-இல் சோபியாவில் தொடங்கிய எம்-டெல் போட்டியின் பெயரால் இதை சோபியா விதி என்பார்கள். 2018 உலக சாம்பியன்ஷிப்பில் 30 நகர்த்தல் வரையும், 2021-இல் 40 வரையும் டிரா பேசத் தடை இருந்தது. ஆனால் மூன்று முறை ஒரே நிலை வந்தால் அதற்கு இந்தத் தடை பொருந்தாது. உரிமை கோரும் முறையில்தான் பலர் சறுக்குகிறார்கள். உங்கள் நகர்த்தலால் மூன்றாம் தடவை அந்த நிலை வரப்போகிறதென்றால், காயைத் தொடாமல் நகர்த்தலைத் தாளில் எழுதிவிட்டு நடுவரைக் கூப்பிட வேண்டும். காயைத் தொட்டுவிட்டால் அந்த நகர்த்தலில் உரிமை போச்சு. ஐந்து முறை வந்தால் மட்டுமே யாரும் கேட்காமல் தானாக டிரா. கடைசி ரவுண்டுக்குப் போகிறவர் ஓப்பனிங் படிக்கும் நேரத்தில் ஐந்து நிமிடத்தை இதற்கு ஒதுக்கலாம்.

பெட்ராஃப்

1.இ4 இ5 2.குதிரை எஃப்3 குதிரை எஃப்6. இ5 சிப்பாயைக் காப்பாற்றாமல் எதிர்ச் சிப்பாயைத் தாக்குவதுதான் விஷயமே. இதன் பெரிய லாபம் படிக்க வேண்டிய சுமை குறைவது. குதிரையை சி6-க்குக் கொண்டுபோனால் ரூய் லோபஸ் (3.பிஷப் பி5), இத்தாலியன் (3.பிஷப் சி4), ஸ்காட்ச் (3.டி4) என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தயாராக வேண்டும். பெட்ராஃபில் இந்த மூன்று கதவும் பெரும்பாலும் மூடிவிடுகின்றன. வெள்ளைக்கு முக்கியமாக இருப்பது 3-ஆவது நகர்த்தலில் இ5-ஐ வெட்டுவது, டி4 தள்ளுவது, குதிரையை சி3-க்குக் கொண்டுவருவது. பிஷப் சி4 எப்போதாவது வரும்.

ஆரம்பத்திலேயே ஒரு கண்ணி இருக்கிறது, அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். 3.குதிரை இ5-ஐ வெட்டியதும் அவசரப்பட்டு நாமும் இ4-ஐ வெட்டினால், 4.ராணி இ2 வரும். குதிரையைப் பின்னுக்கு எடுத்தால் 5.குதிரை சி6 என்று வெளிப்படும் செக், ராணி காலி. அதனால் முதலில் டி6 தள்ளி வெள்ளைக் குதிரையை விரட்டிவிட்டுத்தான் இ4-ஐ வெட்ட வேண்டும்.

இதைவிட அபாயமான கதை ஒன்று உண்டு, அதுவும் ஒரு டிரா ஆட்டத்திலிருந்து தொடங்குகிறது. 1987-இல் சான் பிரான்சிஸ்கோவில் மைல்ஸுக்கும் கிறிஸ்டியன்சனுக்கும் நடந்த பெட்ராஃப் ஆட்டம். 3.குதிரை இ5-ஐ வெட்ட, டி6, 4.குதிரை எஃப்3, குதிரை இ4-ஐ வெட்ட, 5.குதிரை சி3. இங்கே கிறிஸ்டியன்சன் பிஷப்பை எஃப்5-இல் வைத்தார். மைல்ஸ் சாதாரணமாக இ4-இல் குதிரையை வெட்டினார், இருபது நகர்த்தலில் டிரா. அடுத்த ஆண்டு, 1988-இல், பியேல் நகரில் சபாட்டாவுக்கு எதிராக அப்போது இளைஞராக இருந்த விஸ்வநாதன் ஆனந்தும் அதே பிஷப் எஃப்5-ஐ ஆடினார். சபாட்டா 6.ராணி இ2 வைத்தார். ஆனந்த் அங்கேயே தோல்வியை ஒப்புக்கொண்டார். ஆறே நகர்த்தல்!

ஏன் என்று பலகையில் வைத்துப் பாருங்கள். இ4 குதிரைக்குப் பின்னால் திறந்த வரிசையில் ராஜா நிற்கிறது, அதனால் குதிரை நகர முடியாது. டி5 தள்ளிக் காப்பாற்றலாம் என்றால் 7.டி3, குதிரை போய்விடும். ராணியை இ7-இல் வைத்தால் 7.குதிரை டி5, ராணியும் தாக்கப்படுகிறது, சி7-உம் தாக்கப்படுகிறது. எங்கே போனாலும் ஒரு காய் நஷ்டம். மைல்ஸ் ஆட்டத்திலும் இதே ஓட்டை இருந்தது. ஆனால் அந்த ஆட்டம் டிராவில் முடிந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை. முந்தைய ஆட்டம் டிரா ஆனது என்பதை மட்டும் வைத்து ஒரு நகர்த்தலை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கச்சிதமான சாட்சி செஸ்ஸில் கிடைப்பது கஷ்டம்.

சரி, கண்ணிகளைத் தாண்டிவிட்டோம். 5.டி4 டி5 6.பிஷப் டி3 என்ற முக்கிய வரிசையில் இருபுறமும் சிப்பாய்கள் சமச்சீர், நடுவில் இ-வரிசை திறந்திருக்கிறது. கறுப்பின் இ4 குதிரை அழகாக நிற்கிறது, ஆனால் வெள்ளையின் வேலையே அதைச் சுற்றித்தான் நடக்கும். சி4 தள்ளி அதன் அடித்தளத்தைத் தட்டுவது, யானையை இ1-க்குக் கொண்டுவந்து அழுத்துவது, இவ்வளவுதான். இந்த மாதிரி நிலையில் ஓரளவு நிதானமாக ஆடத் தெரிந்தவருக்கு யானைகள் இ-வரிசையில் மாறிப்போய் ஆட்டம் தானாகவே சமநிலைக்கு வந்துசேரும்.

வெற்றி வேண்டிய வெள்ளை இதை ஆடமாட்டார். அவர் 5.குதிரை சி3 ஆடி, கறுப்பு அதை வெட்டியதும் டி-சிப்பாயால் திரும்ப வெட்டுவார். அடுத்து பிஷப் இ3, ராணி டி2, ராணிப் பக்கம் கேஸ்லிங். நீங்கள் ராஜா பக்கம் கேஸ்லிங் செய்திருந்தால் ஜி, எச் சிப்பாய்கள் உங்கள் ராஜாவை நோக்கிக் கிளம்பும். டிரா ஓப்பனிங் என்று எடுத்துக்கொண்டு வந்தவர் திடீரென்று எதிரெதிர்ப் பக்கக் கேஸ்லிங் சண்டையில் நிற்பார். பெட்ராஃப் எடுக்கப்போகிறவர் ஒரே ஒரு வரிசையைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால், அது இதுவாக இருக்கட்டும். நீங்களும் ராணிப் பக்கமே கேஸ்லிங் செய்யும் திட்டம் ஒன்றைத் தயாராக வைத்திருந்தால் வெள்ளையின் ஆவேசம் பாதி அடங்கிவிடும்.

இன்னொரு விலகல் காக்ரேன் காம்பிட். 4.குதிரை எஃப்7-ஐ வெட்டி, ஒரு காயைக் கொடுத்து ராஜாவை வெளியே இழுப்பது. பைத்தியக்காரத்தனம் என்று தோன்றும். ஆனால் 1999 லினாரஸில் டோபலோவ் இதை கிராம்னிக்குக்கு எதிராகவே ஆடினார்; டிராவில் முடிந்தது. கிராம்னிக் மாதிரி ஒருவரிடமே அரைப் புள்ளி பறிக்க முடிந்தது என்றால், நேரம் குறைவாக இருக்கும் நம்மிடம் முழுப் புள்ளியும் பறிக்கலாம். இரண்டு சிப்பாய்க்கு ஒரு காய் கூடுதலாக இருப்பதை மறக்காமல், ராஜாவைப் பத்திரப்படுத்துவதில் மட்டும் குறியாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

உச்சத்தில் பெட்ராஃப் எப்படி நடந்துகொண்டது என்று பார்த்தால், அது தூங்குகிற ஓப்பனிங் அல்ல என்று புரியும். 2018 கேண்டிடேட்ஸ் போட்டியில் (உலக சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுப்பது) கரவானா இதைக் கையில் வைத்துக்கொண்டு கறுப்பில் கிராம்னிக்கை வென்றார், கடைசி ரவுண்டில் கிரிஷ்சுக்கையும் வென்றார். அதே ஆண்டு லண்டனில் உலக சாம்பியன்ஷிப். பன்னிரண்டு கிளாசிகல் ஆட்டமும் டிரா, இப்படி நடந்தது அதுதான் முதல் முறை. அதில் ஆறாவது ஆட்டம் பெட்ராஃப். வெள்ளை ஆடிய கார்ல்சன் மூச்சுத் திணறி 80 நகர்த்தலில் தப்பித்தார். 68-ஆவது நகர்த்தலில் பிஷப்பை எச்4-இல் வைத்திருந்தால் கரவானா வென்றிருப்பார் என்று கணினி காட்டியது. மனிதர் யாரும் பலகையின் முன் உட்கார்ந்து அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

மறுபக்கமும் உண்டு. 2021, துபாய் உலக சாம்பியன்ஷிப், எட்டாவது ஆட்டம். நெப்போம்னியாச்சி பெட்ராஃப், கார்ல்சன் 3.டி4. காய்கள் வேகமாக மாறின, நிலை வறண்டு கிடந்தது. 21-ஆவது நகர்த்தலில் நெப்போம்னியாச்சி யோசிக்காமல் பி5 தள்ளினார். வெள்ளை ராணி ஏ3-இல் செக் வைத்து, அடுத்த நகர்த்தலில் ஏ7 சிப்பாயைத் தூக்கியது. அப்புறம் கார்ல்சன் அதை வெற்றியாக மாற்றினார். சமமான, சலிப்பான நிலையில் கவனம் சிதறுவதுதான் பெட்ராஃபின் உண்மையான ஆபத்து. எதிராளி தாக்கும்போது நாம் விழித்திருப்போம். ஒன்றும் நடக்காதபோதுதான் கண் அசரும்.

பெர்லின்

2000-ஆம் ஆண்டு லண்டனில் கிராம்னிக் காஸ்பரோவிடமிருந்து பட்டத்தைப் பறித்தபோது பெர்லின் உலகப் புகழ் பெற்றது. நாலு ஆட்டங்களில் காஸ்பரோவ் அந்தச் சுவரில் மோதினார், நாலும் டிரா. அந்த மேட்ச் முழுக்கவே காஸ்பரோவால் ஒரு ஆட்டம்கூட வெல்ல முடியவில்லை, முடிவு 8.5–6.5. அதற்குப் பிறகு டிரா வேண்டுமா, பெர்லின் ஆடு என்பது வேதவாக்கு மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் கிராம்னிக் ஆடியது என்ன என்று பாருங்கள். 6.பிஷப் சி6-ஐ வெட்ட, டி-சிப்பாயால் திரும்ப வெட்டி, 7.சிப்பாய் இ5-ஐ வெட்ட, குதிரை எஃப்5, 8.ராணிகள் டி8-இல் மாறி, கறுப்பு ராஜா அங்கேயே நிற்கும். எட்டு நகர்த்தலில் ராணிகள் இல்லை, கறுப்புக்கு கேஸ்லிங்கும் இல்லை. கறுப்பிடம் இரண்டு பிஷப் இருக்கிறது, பலவீனமான கட்டம் பெரிதாக இல்லை. வெள்ளைக்கு ராஜா பக்கத்தில் நாலுக்கு மூன்று சிப்பாய். ராணி பக்கத்தில் கறுப்புக்கும் நாலுக்கு மூன்று இருக்கிறது, ஆனால் அதில் இரண்டு சி-வரிசையில் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கின்றன. அந்த நாலும் சேர்ந்து எளிதில் ஒரு ராணியை உருவாக்காது.

இங்கேதான் டிரா வேண்டியவரின் இயல்பான புத்தி அவருக்கே எதிரியாகிறது. டிரா வேண்டுமென்றால் என்ன செய்வோம்? காய்களை மாற்றிக்கொண்டே போவோம். பெர்லின் எண்ட்கேமில் எல்லாக் காய்களும் மாறி வெறும் சிப்பாய்களும் ராஜாக்களும் மிஞ்சினால், பொதுவாகத் தோற்பது கறுப்பு. வெள்ளையின் நாலு சிப்பாய் ஒரு ராணியைப் பெறும், கறுப்பின் நாலு சும்மா நிற்கும். அதனால் எந்தக் காயை எப்போது மாற்றுவது என்று ஒவ்வொரு முறையும் கணக்குப் போட வேண்டும். பிஷப் ஜோடியை விடக் கூடாது, அல்லது எதிர் நிற பிஷப்கள் மிஞ்சும்படி பார்த்து விட வேண்டும். ராஜாவை சி8-க்கு அனுப்புவதா, இ8-க்குத் திருப்புவதா என்பதற்கே தனிப் படிப்பு இருக்கிறது. பெர்லினை வாழ்நாள் முழுக்க ஆடியவருக்கு இது கைவந்த கலை. மூன்று நாள் முன்பு வீடியோ பார்த்துக் கற்றவருக்கு மெதுவான மரணம்.

2014 சோச்சி உலக சாம்பியன்ஷிப்பின் பதினோராவது ஆட்டத்தில் ஆனந்த் பெர்லின் ஆடினார். நல்ல நிலையே கிடைத்தது. 23-இல் பி5 தள்ளியதைப் பலரும் பாராட்டினார்கள். ஆனால் சிறிது நேரத்தில் யானையை பி4-இல் வைத்து பிஷப்புக்குக் கொடுத்தார். கணக்கு சரிப்படவில்லை, கார்ல்சன் ஆட்டத்தையும் மேட்சையும் முடித்தார். அங்கே ஆனந்துக்கு டிரா போதாது, அவர் பின்தங்கியிருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் சுவர் என்று பெயர் வாங்கிய ஓப்பனிங்கில் ஒரு முன்னாள் உலக சாம்பியனே 45 நகர்த்தலில் விழுந்தார் என்பது விழுந்ததுதான்.

நடைமுறையில் இன்னொரு விஷயம். கிளப் அளவில் எதிராளி இந்த எண்ட்கேமுக்குள் வருவதே அபூர்வம். பெர்லினைப் பார்த்ததும் அவர் 4.டி3 ஆடுவார். அப்போது சுவரும் இல்லை, எண்ட்கேமும் இல்லை. முப்பத்திரண்டு காயும் பலகையில் இருக்க, இத்தாலியன் மாதிரி ஒரு நீண்ட மிடில்கேம். 2013 சென்னை உலக சாம்பியன்ஷிப்பின் ஆறாவது ஆட்டத்தில் ஆனந்த் இப்படித்தான் டி3 ஆடினார். கறுப்பு ஆடிய கார்ல்சன் யானை எண்ட்கேமில் வென்றார். கறுப்புக்கு இது மோசமான நிலை அல்ல என்பதற்கு அதுவே சான்று. என்னைக் கேட்டால், டிரா வேண்டிய கறுப்புக்கு டி3 வரிசை எண்ட்கேமைவிட வசதியானது. பலவீனம் இல்லாத சிப்பாய் அமைப்பு, இரண்டு குதிரையும் நல்ல இடத்தில், ராஜா பத்திரம். அவசரப்பட வேண்டியவர் எதிராளி.

ஆனால் இதற்கு விலை உண்டு. பெர்லின் ஆட 2.குதிரை சி6 வைத்தாக வேண்டும், அப்போது இத்தாலியனும் ஸ்காட்சும் திரும்ப வந்துவிடும். மூன்றையும் தெரிந்தவருக்கு மட்டுமே பெர்லின் ஒரு தேர்வு. எதிராளி பிஷப்பை சி4-இல் வைத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் உடனே பதில் வர வேண்டும். வராவிட்டால் பெர்லின் பற்றிய பேச்சே வேண்டாம்.

மார்ஷல், கேரோ-கான், சொந்த ஓப்பனிங்

ரூய் லோபஸில் வரும் மார்ஷலைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 1918-இல் நியூயார்க்கில், இதற்குப் பெயர் தந்த ஆட்டக்காரர் மார்ஷல் இதை காபாபிளாங்காவிடம் ஆடித் தோற்றார். பின்னாளில் இதே தாக்குதல் உச்ச மட்டத்தில் டிரா இயந்திரமாக மாறியது வேடிக்கைதான். கறுப்பு ஒரு சிப்பாயைக் கொடுத்து, இரண்டு பிஷப்பும் ராஜா மீது அழுத்தமுமாக நின்று, எண்ட்கேமில் சிப்பாய் குறைவாக இருந்தும் டிரா எடுத்துவிடுகிறது. 2004 பிரிஸ்ஸாகோ உலக சாம்பியன்ஷிப்பின் எட்டாவது ஆட்டத்தில் லேக்கோ மார்ஷலில் கிராம்னிக்கைத் தோற்கடிக்கவே செய்தார்.

பிரச்சினை என்னவென்றால், நீங்கள் விரும்பினாலும் மார்ஷல் கிடைக்காது. எட்டாவது நகர்த்தலில் வெள்ளை சி3 ஆடினால்தான் டி5 தள்ளலாம். அவர் எச்3 அல்லது ஏ4 ஆடினால் முடிந்தது கதை. ஆறாவதிலேயே டி3 வந்தாலும் அதே. இருபது நகர்த்தலுக்கு மேல் மனப்பாடம் செய்துவிட்டு, எட்டாவதில் வேறு ஆட்டம் ஆட வேண்டியிருக்கும். ஒரே ஒரு ஆட்டத்துக்காக இதைத் தயாரிக்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

கேரோ-கான் (1.இ4 சி6 2.டி4 டி5) உறுதியானது என்று பெயர். அதே பிரிஸ்ஸாகோ மேட்சின் கடைசி ஆட்டத்தைப் பாருங்கள். லேக்கோ ஒரு புள்ளி முன்னிலை, கறுப்புக் காய், டிரா எடுத்தால் உலக சாம்பியன். நாம் பேசிக்கொண்டிருக்கும் நிலைமையே அதுதான். கேரோ-கான் எடுத்தார். கிராம்னிக் 3.இ5 பிஷப் எஃப்5 4.எச்4 என்று இடத்தைப் பிடித்துக்கொண்டார். கறுப்புக்கு உடனடி ஆபத்து எதுவும் தெரியவில்லை, ஆனால் மூச்சுவிட இடமில்லை. கிராம்னிக் வென்று 7–7 என்று சமன் செய்து பட்டத்தை வைத்துக்கொண்டார். இடம் குறைந்த நிலையில் காத்திருப்பது, டிரா மட்டும் போதும் என்று உட்கார்ந்திருப்பவருக்கு ரொம்பக் கொடுமை. ஒவ்வொரு நகர்த்தலிலும் எதை விடுவது என்ற கேள்வி வந்துகொண்டே இருக்கும். கேரோ-கான் உங்களுடைய அன்றாட ஓப்பனிங் என்றால் சரி. இல்லையென்றால் 3.இ5 தள்ளும் முன்னேற்ற வரிசை ஒன்றே போதும், உங்களைத் தடுமாற வைக்க.

எதிர்த் திசையில் ஒரு உதாரணம். 1985 மாஸ்கோ உலக சாம்பியன்ஷிப், 24-ஆவது ஆட்டம். காஸ்பரோவ் 12–11 முன்னிலை, கறுப்பு, டிரா போதும். கார்போவ் இ4. காஸ்பரோவ் ஆடியது பெட்ராஃபும் இல்லை, கேரோ-கானும் இல்லை. தான் எப்போதும் ஆடும் சிசிலியன் (1.இ4 சி5). டிரா சதவீதம் பார்த்திருந்தால் யாரும் அதைத் தொடமாட்டார்கள். கார்போவுக்கு டிராவால் பிரயோஜனமில்லை, அதனால் ராஜா பக்கம் சிப்பாய்களைத் தள்ளித் தாக்கியே ஆக வேண்டியிருந்தது. அந்த வகை நிலைகள் காஸ்பரோவுக்குக் கைரேகை மாதிரி தெரியும். பொறுத்திருந்து எதிர்த்தாக்குதல் நடத்தி ஆட்டத்தையே வென்றார், 22 வயதில் சாம்பியன் ஆனார்.

இரண்டு ஆண்டு கழித்து செவில்லில் நிலைமை தலைகீழ். கார்போவுக்கு டிரா போதும், காஸ்பரோவ் வென்றே ஆக வேண்டும். காஸ்பரோவ் சி4 என்று தொடங்கி, எதையும் கட்டாயப்படுத்தாமல், காய்களை மாற்றாமல், மெதுவாக அழுத்தினார். கார்போவ் நேரச் சிக்கலில் மாட்டினார், ஆட்டம் போனது. வெற்றி தேவைப்படும் கெட்டிக்கார எதிராளி இப்படித்தான் ஆடுவார். முதல் இருபது நகர்த்தலில் உங்களை அடிக்க வரமாட்டார், உங்களை நாலு மணி நேரம் உட்கார வைக்கப் பார்ப்பார். ஓப்பனிங் எதுவானாலும் கடிகாரத்தில் நேரம் மிச்சம் வைத்திருப்பதுதான் அதற்கு மருந்து. தெரிந்த ஓப்பனிங்கின் பெரிய லாபமே அங்கேதான்: பன்னிரண்டு நகர்த்தல் வரை யோசிக்காமல் ஆடிவிடலாம்.

எதை எடுப்பது?

இ5 ஆடிப் பழகியவர், போட்டிக்கு இடையே தயாரிப்புக்கு ஒரு மாலைதான் கிடைக்கும் என்றால் பெட்ராஃப். மூன்று மாதம் கைவசம் இருந்து, எண்ட்கேம் பிடிக்கும் என்றால் பெர்லின், அதுவும் டி3 வரிசையை முதலில் படித்துவிட்டு. மார்ஷல் ஏற்கெனவே உங்கள் ஓப்பனிங்காக இருந்தால் விடாதீர்கள், இல்லையென்றால் தொடாதீர்கள். சிசிலியனோ பிரெஞ்சோ வருடக்கணக்காக ஆடுகிறவர் கடைசி ரவுண்டுக்காக எதையும் மாற்ற வேண்டாம். அதற்குள்ளேயே சற்று அடக்கமான அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

பெட்ராஃப் எடுக்க முடிவு செய்தவர் முந்தைய மாலையில் செய்ய வேண்டியது இது. 5.குதிரை சி3-க்கு எதிரான திட்டத்தைப் பலகையில் காய் வைத்து, பன்னிரண்டாவது நகர்த்தல் வரையாவது ஆடிப் பார்க்க வேண்டும். 3.டி4-க்கு ஒரு வரிசை. காக்ரேனுக்கு ஒரு பக்கம். 5.ராணி இ2 ராணி இ7 என்று ராணிகள் மாறிப்போகும் வரிசையை ஒரு தடவை பார்த்தால் போதும். வெற்றி வேண்டியவர் அதை ஆடப்போவதில்லை, ஆடினால் நீங்கள் உள்ளுக்குள் சிரித்துக்கொள்ளலாம். வெள்ளை 5.குதிரை சி3 ஆடியதும் மறுமொழியாக பிஷப் எஃப்5 மட்டும் வந்துவிடக் கூடாது.

ஆட்டத்தின் நடுவில் டிரா கேட்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெற்றி தேவைப்படும் ஆளிடம் பதினைந்தாவது நகர்த்தலில் டிரா கேட்பதில் ஒரு லாபமும் இல்லை. அவர் மறுப்பார், நீங்கள் பதற்றத்தில் இருக்கிறீர்கள் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும். நிலை உங்களுக்குச் சற்றுச் சாதகமாகத் திரும்பிய பிறகு கேளுங்கள். அப்போது அவர் எதிரே இருப்பது தோல்வியா டிராவா என்ற கேள்வி. நகர்த்திவிட்டு, கடிகாரத்தை அழுத்துவதற்கு முன் கேட்பதுதான் முறை. அவர் மறுத்தால் தொடர்ந்து வெற்றிக்கே ஆடுங்கள். 1985-இல் காஸ்பரோவும், 2018-இல் கிரிஷ்சுக்குக்கு எதிராகக் கரவானாவும் கறுப்பில் முழுப் புள்ளியையே எடுத்துக்கொண்டுதான் எழுந்தார்கள்.